கீரை டப்பாவும் கதவு ரப்பரும்

கீரையை ஃப்ரிட்ஜில் வைத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். சும்மா தட்டில் வைத்தால் மறுநாளே துவண்டுபோகும். கவரில் போட்டு முடிச்சுப் போட்டால் மூன்றாம் நாள் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு நாறும். எங்கள் தெருவுக்குக் கீரைக்காரம்மா வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். வரும்போது சிறுகீரை, அரைக்கீரை, முருங்கை என்று மூன்று நான்கு கட்டு வாங்கிவிடுவோம். அதில் கடைசிக் கட்டு குப்பைக்குப் போவது வழக்கமாகவே ஆகிவிட்டது. சரி, இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். பாதி வேலை கீரையில் இல்லை, ஃப்ரிட்ஜில்தான் இருந்தது.

எங்களுடையது பழைய சிங்கிள் டோர். மேலே ஃப்ரீசர், அதன் கீழே சில் ட்ரே, நடுவில் இரண்டு கம்பித்தட்டு, அடியில் கண்ணாடி மூடியோடு காய்கறிப் பெட்டி. டைரக்ட் கூல் வகை. அதாவது உள்ளே காற்றை ஊதும் ஃபேன் கிடையாது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதில் சில விஷயங்கள் மாறும். அதில் ஃபேன் சுற்றும் காற்று குளிர்ச்சுருளைத் தொட்டுத் தொட்டு வரும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கேயே பனியாகப் படிந்து, உருகி, வெளியே போய்விடும். அதனால் அங்கே திறந்து வைத்த கீரை சீக்கிரம் காயும். எங்கள் மாதிரிப் பெட்டியில் பெரிய பிரச்சினை வேறு: வியர்க்கும்.

முதலில் அளக்க ஏதாவது வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கினேன். கூடவே ஒயர் முனையில் சென்சார் வைத்த தெர்மாமீட்டர் ஒன்று. சமையலறைத் தராசு ஏற்கெனவே இருந்தது. மலிவு மீட்டர்களை அப்படியே நம்பக் கூடாது. தெர்மாமீட்டரைச் சோதிக்க ஒரு டம்ளர் நிறைய ஐஸ் நொறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கலக்கிவிட்டு சென்சாரை நடுவில் விட்டால் போதும். அது 0 காட்ட வேண்டும். ஈரப்பதத்துக்கு ஒரு பழைய வித்தை உண்டு. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவந்து, அதையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவரில் போட்டு இறுக மூடி, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். அறை வெப்பத்தில் அந்தக் கவருக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். காலையில் பார்த்தால் ஒரு மீட்டர் 71 என்றது, இன்னொன்று 78 என்றது. அந்த வித்தியாசத்தை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டினேன். இந்த மீட்டர்கள் 90 சதவீதத்துக்கு மேலே சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ரொம்ப ஈரம்’ என்று மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

அடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு குளிர் என்று பார்த்தேன். காற்றின் வெப்பம் கதவைத் திறக்கும்போதெல்லாம் குதிக்கும். அதனால் சென்சாரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் சில மணி நேரம் வைத்துவிட்டுக் குறித்தேன். சில் ட்ரேயில் 1, நடுத்தட்டில் 6, கதவுத் தட்டில் 11. கீரைக்கென்றே இருப்பதாகச் சொல்லப்படும் காய்கறிப் பெட்டியில் 10. குமிழை நடுவில் வைத்திருந்தும் இந்த லட்சணம். 10 டிகிரியில் கீரையை வைத்துவிட்டு எந்தத் துணியில் சுற்றினாலும் பலன் பாதிதான். பறித்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, தன்னிடம் இருக்கும் சர்க்கரையை எரிக்கிறது. 10 டிகிரி கூடினால் அந்த வேகம் இரண்டு மூன்று மடங்காகும். பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் பாலக் வகைக் கீரையை 0 டிகிரியில், 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்தில் வைப்பார்கள். அங்கேயே 10 முதல் 14 நாள்தான் கணக்கு. வீட்டில் நாம் அதில் பாதியை எட்டினாலே நல்ல வேலை.

10 டிகிரிக்குக் காரணம் தேடியபோது முதலில் மாட்டியது கதவு ரப்பர். இதற்குப் பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டைப் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுக்க வேண்டும். பிடித்து நின்றால் ரப்பர் சரி. எங்கள் கதவில் மேலேயும் பக்கத்திலும் பிடித்தது. கீழே, கீல் பக்க மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அதாவது காய்கறிப் பெட்டிக்கு நேர் எதிரே. குனிந்து பார்த்தால் ரப்பரின் மடிப்புக்குள் கறுப்பாகப் பூஞ்சணம், மாவு, ஏதோ ஒரு காலத்துப் பால் காய்ந்த கோடு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து பழைய பல்துலக்கியால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்தேன். மூலையில் ரப்பர் உள்பக்கம் சுருண்டிருந்தது. அதற்கு ஹேர் டிரையரைக் கொஞ்ச தூரத்தில் பிடித்துச் சூடாக்கி, விரலால் வெளியே இழுத்து நீவி, ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டால் பழைய வடிவத்துக்கு வரும். கடைசியில் மூலையில் மட்டும் துளி வாசலின். ஃப்ரிட்ஜின் முன்கால் திருகுகளை அரைச் சுற்று திருகி முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தினேன். இப்போது கதவைப் பாதியில் விட்டாலும் தானாகப் போய் மூடிக்கொள்கிறது. புது ரப்பர் வாங்க அளவெடுத்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

இரண்டாவது, தண்ணீர் போகும் துளை. பின்சுவரில் உருகி வழியும் தண்ணீர் ஒரு சிறு கால்வாயில் சேர்ந்து, நடுவில் இருக்கும் துளை வழியாகப் பின்னால் கம்ப்ரெஸர் மேல் இருக்கும் தட்டுக்குப் போக வேண்டும். அந்தத் துளை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே வழிந்து நேரே காய்கறிப் பெட்டியில் இறங்கும். பெட்டிக்கு அடியில் எப்போதும் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கிறது என்றால் கீரையிலிருந்து வந்ததென்று நினைக்காமல் இந்தத் துளையைப் பாருங்கள். எங்களுடையதில் ஒரு மெல்லிய கேபிள் டையை விட்டுச் சுழற்றியபோது வழவழப்பான ஒரு உருண்டை வந்தது. நீரில் பிரித்துப் பார்த்தேன்: கொத்தமல்லித் தண்டும், இட்லி மாவும், இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெந்நீர் ஏற்றி உள்ளே அழுத்த, பின்னால் தட்டில் சொட்டும் சத்தம் கேட்டது. கரண்டைப் பிடுங்கிவிட்டு இதைச் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டும் முடிந்து, ஃப்ரீசரில் விரல் கனத்துக்குப் படிந்திருந்த பனியையும் உருக்கிய பிறகு, காய்கறிப் பெட்டி 6 டிகிரிக்கு வந்தது. நடுத்தட்டு 4. இனிமேல்தான் கீரை.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். இலைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே போகக் கூடாது. இலைமேல் இருக்கும் தண்ணீர் அங்கேயே நிற்கக் கூடாது. வீட்டுக் குறிப்புகள் எல்லாமே இந்த இரண்டில் ஏதோ ஒன்றைச் செய்கின்றன. பல குறிப்புகள் ஒன்றைச் செய்யும்போது இன்னொன்றைக் கெடுக்கின்றன. இலை தன் எடையில் மூன்று நான்கு சதவீதம் தண்ணீரை இழந்தாலே கண்ணுக்கு வாடல் தெரியும். மறுபக்கம், இலைமேல் ஒரு சொட்டு நின்றால், காயம்பட்ட இடத்தில் பாக்டீரியா இறங்க அதுவே போதும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வகையில் சில, குளிரிலும் வேலை செய்பவை. ஃப்ரிட்ஜில் வைத்தாகிவிட்டது என்பதற்காக அவை சும்மா இருப்பதில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்க்க, ஒரே நாளில் வாங்கிய அரைக்கீரையை ஆய்ந்து, பழுத்ததும் நசுங்கியதும் நீக்கி, நூறு நூறு கிராமாகப் பிரித்தேன். ஒரு பங்கு திறந்த தட்டில். ஒரு பங்கு பிளாஸ்டிக் கவரில் இறுக்கி முடிச்சுப் போட்டு. ஒன்று செய்தித்தாளில் சுற்றி. ஒன்று டிஷ்யூ பேப்பரோடு ஜிப் கவரில். இன்னொன்று துணி விரித்த டப்பாவில். எல்லாம் ஒரே தட்டில், பக்கத்தில் பக்கத்தில்.

திறந்து வைத்த பங்கு மறுநாள் காலை 88 கிராம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, கூட்டுக்குப் போட்டோம். இறுக்கிக் கட்டிய கவர் எடையில் கிட்டத்தட்ட எதையும் இழக்கவில்லை, தராசை மட்டும் பார்த்தால் அதுதான் முதல் பரிசு. ஆனால் கவரின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். அந்த நீர் எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கே, கவர் இலையோடு ஒட்டிய அடிமூலையில், முதலில் இலை கரும்பச்சையாகிக் கண்ணாடிபோல் ஆனது. அப்புறம் தொட்டால் விரலில் ஒட்டியது. மேலே இருந்த இலைகள் அப்போதும் நன்றாகத்தான் இருந்தன. கவரைக் குலுக்கிக் கலந்தால் நாற்றம் எல்லாவற்றுக்கும் பரவிவிடும்; கெட்டதை மட்டும் எடுத்து எறிந்தால் மீதி தப்பும்.

செய்தித்தாள் ஒரு நாள் தாங்கியது. முதல் நாள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது, மறுநாள் அதுவே நனைந்து ஈரப் போர்வையாக மாறி இலையில் ஒட்டியது. பிரிக்கும்போது எழுத்து இலையில் பதிந்திருந்தது. உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதியவோ பரிமாறவோ வேண்டாம், அச்சு மையில் இருக்கும் ஈயம் போன்றவை உணவில் இறங்கும் என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016லும் மறுபடி 2023லும் சொல்லியிருக்கிறது. பஜ்ஜி எண்ணெய் வடிக்கும் வழக்கத்துக்காகச் சொன்னது அது. ஈரக்கீரைக்கு மட்டும் விதிவிலக்கு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் தாள் அத்தோடு நின்றது.

டிஷ்யூ பேப்பர் வைத்த ஜிப் கவரும் துணி விரித்த டப்பாவும்தான் கடைசிவரை போட்டி போட்டன. டிஷ்யூ நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரண்டு நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும், நனைந்தால் கிழிந்து இலையோடு வரும். அதோடு கவருக்குள் கீரை நசுங்குகிறது. மேலே தயிர்ச் சட்டியை யாராவது வைத்துவிட்டால் முடிந்தது கதை. டப்பாவில் அந்தத் தொந்தரவு இல்லை. வாரக் கடைசியில் டப்பாக் கீரை 97 கிராம் இருந்தது. அடி இலைகளில் சில மஞ்சள், மற்றபடி தண்டை ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிந்தது.

டப்பா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து லிட்டர் பிடிக்கும் தட்டையான பிளாஸ்டிக் டப்பா. உயரமானது வேண்டாம், கீழே உள்ளது நசுங்கும். அடியில் துளை போட்ட ஒரு ஸ்டீல் தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வடியும் தண்ணீர் அதன் கீழே போய்விடும், கீரை அதில் உட்காராது. தட்டின்மேல் இட்லித் துணி. அதன்மேல் கீரையை அழுத்தாமல், விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகப் பரப்பி, மேலே இன்னொரு துணி. பிறகு மூடி.

மேல் துணிதான் முக்கியம் என்பது மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கம்ப்ரெஸர் ஓடி நிற்கும் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வெப்பம் ஓரிரு டிகிரி ஏறி இறங்கும். கீரை மெதுவாகக் குளிரும், மூடி சீக்கிரம் குளிரும். அப்போது உள்ளே இருக்கும் ஈரம் மூடியின் அடிப்பக்கத்தில் சொட்டுகளாகப் படிந்து, கனத்து, கீழே விழும். மேல் துணி இல்லாமல் வைத்தபோது சொட்டு விழுந்த இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக அழுகல் தொடங்கியிருந்தது. துணி வைத்த பிறகு சொட்டு அதில் விழுகிறது, பரவுகிறது, திரும்ப ஆவியாகி உள்ளேயே ஈரமாக நிற்கிறது. ஸ்டீல் டப்பாவிலும் வைத்துப் பார்த்தேன். அதன் மூடி இன்னும் வேகமாகக் குளிர்வதால் இன்னும் அதிகமாக வியர்க்கிறது. இருப்பது ஸ்டீல் டப்பாதான் என்றால் மேல் துணியை இரண்டு மடிப்பாகப் போடுங்கள்.

மூடியை முழுக்க அழுத்தி மூடுவதில்லை. ஒரு மூலையை மட்டும் எழுப்பி விடுகிறேன். இலைக்கு மூச்சு வேண்டும். காற்றே புகாமல் அடைத்தால் உள்ளே ஆக்சிஜன் குறைந்து, புளித்த வாடை வரும்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. புதுத் துணி தண்ணீரை இழுக்காது, கஞ்சி போகும்வரை மேலேயே உருட்டிவிடும். பல தடவை துவைத்து நைந்த வேட்டித் துணிக்கு ஈடே இல்லை. துவைக்கும்போது வாசனை திரவம் எதுவும் போடாமல், வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும். எடுத்துத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று ஈரமாக இருந்தால் விடலாம். பிழிந்தால் சொட்டும் என்றால் மாற்ற வேண்டும்.

கழுவி வைப்பதா, கழுவாமல் வைப்பதா? இதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. சிறுகீரையும் முளைக்கீரையும் வேரோடும் மண்ணோடும் வரும். அதை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் விடக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் வைத்துப் பார்த்தேன். கழுவிவிட்டுத் தண்ணீரை உதறி வைத்தது சீக்கிரமே போனது. கழுவி, நன்றாக உலர்த்தி வைத்தது கழுவாததற்குச் சமமாக நின்றது. ஆக, சண்டை கழுவுவதில் இல்லை, உலர்த்துவதில். உலர்த்த முடிகிற அன்று கழுவுங்கள். முடியாத அன்று மண் வேரை மட்டும் நறுக்கிவிட்டு, இலையைச் சமைக்கும்போது கழுவிக்கொள்ளுங்கள்.

உலர்த்துவதற்கு நான் செய்வது இது. அலசிய கீரையைப் பழைய வேட்டியின் நடுவில் குவித்து, நான்கு முனையையும் சேர்த்து முறுக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் கையை நீட்டி வட்டமாகச் சுற்றுவேன். பத்துப் பதினைந்து சுற்றுக்குள் துணியின் அடியிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு போய்ச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு போடும். கோடு வருவது நின்றால் பெரிய தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் முறத்தில் பரப்பி ஃபேனுக்குக் கீழே, இலையின் பளபளப்பு மறையும் வரைக்கும் மட்டும். அதற்குமேல் விட்டால் இலைக்குள் இருக்கும் தண்ணீர் கிளம்ப ஆரம்பித்துவிடும். சென்னைக் காற்றில் எங்களுக்கு அரை மணி ஆகிறது. வறண்ட ஊர்களில் பாதி நேரம் போதும். துணி துவைக்கும் மெஷினின் டிரையரில் போட்டுப் பார்க்கச் சொன்னார் மேல் வீட்டுக்காரர். துணிப் பையில் கட்டிப் போட்டால் தண்ணீர் போகத்தான் செய்கிறது, ஆனால் அரைக்கீரைத் துளிர் தாங்குவதில்லை.

கீரைக்காரம்மா கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதும் இந்தக் கணக்கில் வருகிறது. “தெளிக்காம ஒரு கட்டு மட்டும் எனக்கு எடுத்து வைங்கம்மா” என்றேன். “தெளிக்கலேன்னா பத்து மணிக்கெல்லாம் தொங்கிடும், எவன் வாங்குறான் தம்பி?” என்றார். அவர் சொல்வது சரிதான். வெயிலில் கூடையில் இருக்கும்வரை தெளித்த தண்ணீர் ஆவியாகி இலையைக் குளிர்விக்கிறது. அதே தண்ணீர் மூடிய டப்பாவுக்குள் வந்தால் ஆவியாக வழியில்லை. எனவே வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கட்டைப் பிரிப்பது. வாழைநாரோ ரப்பர் பேண்டோ, கட்டிய இடத்தில்தான் தண்டு நசுங்கி அழுகல் தொடங்கும். பிரிக்காத கட்டு உள்ளே குளிரவும் குளிராது. சென்சாரை ஒரு கட்டின் நடுவில் செருகி ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்தும் நடுவில் 17 டிகிரி.

ஏற்கெனவே துவண்ட கீரை வந்தால், தண்டு நுனியைப் புதிதாக வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் இருபது முப்பது நிமிடம் போட்டு வைத்தால் நிமிர்ந்துவிடும். அது தண்ணீர் இழந்து வாடியது. மஞ்சளாகப் பழுத்தது நிமிராது. அது வேறு கணக்கு.

மஞ்சளுக்கு வருகிறேன். டப்பா சரியாக இருந்தும் ஒரு வாரம் கீரை மட்டும் வேகமாகப் பழுத்தது. பெட்டியில் கூடவே இருந்தது ஒரு பழுத்த பப்பாளிக் கீற்றும், ஆப்பிள்களும். பழுக்கும் பழங்கள் எத்திலீன் வாயுவை விடும். அது பட்டால் இலையின் பச்சையம் சிதைவது வேகமாகும். ஆப்பிளும் பப்பாளியும் தாராளமாக விடுபவை. மாம்பழம், வாழை, தக்காளியும் உண்டு, ஆனால் கொஞ்சம் குறைவு. இப்போது பழங்கள் நடுத்தட்டின் ஒரு ஓரத்தில். காய்கறிப் பெட்டியில் கீரையும், கத்தரி வெண்டை மாதிரிக் காய்களும் மட்டும். சிறிய ஃப்ரிட்ஜில் இந்தப் பிரிவினை அரைகுறைதான், காற்று எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது.

எல்லாக் கீரைக்கும் ஒரே வைத்தியம் சரிவராது. பாலக்கும் அரைக்கீரையும் டப்பாவுக்குப் பிறந்தவை. வெந்தயக்கீரை மென்மை, முதல் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவது நல்லது. வேரோடு வந்த முளைக்கீரையை ஆயாமல் வைக்க வேண்டியிருந்தால், மண்ணைக் கழுவி வேரை மட்டும் ஈரத்துணியில் சுற்றி, இலைப்பக்கம் காய்ந்த துணியாக இருக்கும்படி வைக்கலாம். கொத்தமல்லியை வேரை வெட்டாமல் ஒரு பாட்டிலில் இரண்டு விரல் தண்ணீரில் நிறுத்தி, தலையில் தளர்வாக ஒரு கவரைக் கவிழ்த்து வைத்தால் நன்றாக நிற்கிறது. தண்ணீரை மாற்ற மறந்தால் தண்டு வழவழக்கும். எங்கள் கதவுத் தட்டில் பாட்டில் ஒவ்வொரு முறையும் ஆடுவதால் நான் டப்பாவுக்கே வந்துவிட்டேன். கறிவேப்பிலை இருப்பதிலேயே சாது. ஈரமில்லாமல் உருவி, துணி போட்ட சின்ன டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

முருங்கைதான் தனி ரகம். முருங்கைக்கீரையை உருவச் சோம்பல்படுபவர்கள் கொத்தோடு துணியில் சுற்றி இரவு வெளியே வைத்துவிட்டு, காலையில் உதறுவார்கள். இலை தானாகக் கொட்டும். ஆய்வதற்கு அது வசதி. சேமிப்பதற்கு அதுவே எதிரி. இலை உதிரத் தொடங்கிவிட்டது என்றால் மஞ்சளும் பின்னாலேயே வருகிறது. அதனால் வாங்கிய அன்றே உருவி, காம்பு இல்லாமல், கழுவாமல், துணிக்கு நடுவில் மெல்லிய அடுக்காக வைக்கிறேன். கனமாகக் குவித்தால் நடுவில் சூடாகிக் கறுக்கும்.

இடம் பார்த்து வைப்பதும் இருக்கிறது. குளிர் நல்லது என்று சில் ட்ரேயிலோ பின்சுவரை ஒட்டியோ வைத்தால் இலை உறைந்துவிடும். 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே இலையின் உள்ளே பனி கட்டி, செல் சவ்வு கிழிந்து, வெளியே எடுத்ததும் வெந்த கீரை மாதிரித் தொங்கும். நடுத்தட்டில் முன்பக்கம் அல்லது காய்கறிப் பெட்டி, அவ்வளவுதான்.

இவ்வளவு செய்தும், பச்சையாக இருப்பதும் சத்தோடு இருப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாலக் வகைப் பாக்கெட் கீரையை 4, 10, 20 டிகிரிகளில் வைத்து ஆராய்ந்து 2004ல் வெளியிட்டார்கள். 4 டிகிரியில் 8 நாள் ஆனபோது ஃபோலேட் என்ற பி வைட்டமினில் பாதியளவுதான் மிஞ்சியது. 10 டிகிரியில் அதே இழப்புக்கு 6 நாள், 20 டிகிரியில் 4 நாள். ஆகவே பத்து நாள் தாங்க வைக்க முடிகிறது என்பதற்காகப் பத்து நாள் வைப்பதில்லை. நான்கைந்து நாளைத் தாண்டும் என்று தெரிந்தால் அன்றைக்கே கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணீரில் முக்கி, உருண்டையாகப் பிழிந்து ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுகிறேன். கொதிநீர் இலையைக் கெடுக்கும் நொதிகளை நிறுத்திவிடும். வெறுமனே பச்சையாக உறைய வைத்தால் நாளாக ஆக நிறமும் மணமும் மாறும். மசியலுக்கும் பருப்புக் கீரைக்கும் இந்த உருண்டை போதும், பொரியலுக்கு ஆகாது. சமைத்த கீரையை மட்டும் அடுப்படியில் விட்டுவைக்காதீர்கள். கீரையில் இயல்பாகவே இருக்கும் நைட்ரேட்டை வெளிவெப்பத்தில் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அது உடலுக்கு நல்லதல்ல. ஆறியதும் உள்ளே, அதிகம்போனால் இரண்டு மணி நேரத்துக்குள்.

கரண்ட் இல்லாதபோது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையில் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்ததிலிருந்து இந்தக் கேள்வி வீட்டில் அடிக்கடி வரும். நைஜீரியாவில் மொகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் நிரப்பி, மேலே ஈரத்துணி மூடிக் காய்கறி காக்கும் முறையைப் பரப்பினார். 2000ல் அதற்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. ஒரே நாளில் வாடும் கீரை அதில் பன்னிரண்டு நாள் வரை நின்றதாகச் சொல்வார்கள். மொட்டை மாடி நிழலில் நானும் இரண்டு மண்பானைகளை வைத்துப் பார்த்தேன். பிற்பகல் காற்று சற்று வறண்டிருந்தபோது வெளியே 34, உள்ளே 28. மழைநாளில் வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவே. தண்ணீர் ஆவியானால்தான் பானை குளிரும். காற்றே நனைந்து நிற்கும்போது ஆவி எங்கே போகும்? வட நைஜீரியாவின் வறண்ட காற்றுக்கு அது சரி. சென்னையில் புயலுக்குக் கைகொடுக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் இருக்கிற கீரையைக் கடைந்து சாப்பிட்டுவிடுவதுதான் எங்கள் திட்டம்.

இன்னும் பிடிபடாதது புதினா. டப்பாவில் துணிக்கு நடுவில் வைத்தாலும் மூன்றாம் நாள் இலை ஓரம் கறுக்கிறது. ஆயும்போது நசுங்கிய இடம்தான் கறுக்கிறது என்பது வரை தெரிகிறது. அதனால் இப்போது இலையைக் கிள்ளாமல் தண்டோடு வைக்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை. தண்ணீரில் நிறுத்தி வைத்த தண்டுகள் சமையலறை ஜன்னலில் வேர் விட்டுவிட்டன. அவற்றை ஒரு பெயிண்ட் பக்கெட்டில் நட்டிருக்கிறேன். அது பிழைத்தால் புதினாவுக்கு ஃப்ரிட்ஜே வேண்டியிருக்காது.